சேகருக்கு: ஆயிரம் வெள்ளிக்குள் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார்

பட்டர்வொர்த்,
பிப்ரவரி 22

அன்புள்ள சேகர்,

கவிதாவுக்கு ஆயிரம் வெள்ளிக்குள் (ரிங்கிட்) எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கலாம் என்று நீ அனுப்பிய மூன்று கிட்டார் படங்களும் கிடைத்தன. கவிதா படிவம் நான்குக்குப் போய்விட்டாள் என்பதே எனக்கு இப்போதுதான் உறைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. தைப்பூசக் கூட்டம் கலைந்து தண்ணீர்மலைப் பக்கம் கார் ஓட்ட முடிகிறது. போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்ப் (ஒலிபெருக்கி), பை, தோள் வார், கேபிள் எல்லாம் சேர்த்து 480 வெள்ளி என்று போட்டிருக்கும் பெயர் தெரியாத செட்டை விட்டுவிடு. கிள்ளானில் ஒருவர் 750 வெள்ளிக்கு விற்கும் பழைய யமஹா பசிஃபிக்கா 112-ஐ முதலில் போய்ப் பார். அது சரிப்படாவிட்டால் கடையில் இருக்கும் புது ஸ்கொயர் சோனிக். ஆனால் "பசிஃபிக்கா நல்லதுதானே" என்று கேட்காதே. இந்த விலையில் மாடலைப் பார்த்து வாங்கவே கூடாது, கையில் இருக்கும் அந்த ஒரு கிட்டாரைத்தான் பார்க்க வேண்டும். ஒரே மாடல், ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், ஒன்று விரலுக்கு வெண்ணெயாக இருக்கும், மற்றது ஐந்தாம் ஃப்ரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கரகரக்கும்.

காரணம் எளிது. உடம்பையும் நெக்கையும் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து) வெட்டுவது இன்று இயந்திரம். சீனாவானாலும் இந்தோனேசியாவானாலும் வெட்டு சுத்தமாகத்தான் இருக்கிறது. கம்பெனி காசை மிச்சம் பிடிப்பது மனிதக் கை வேண்டிய இடங்களில்: ஃப்ரெட்டுகளைச் சமன்படுத்துவது, அவற்றின் ஓரத்தைத் தேய்த்து மழுக்குவது, நட்டில், அதாவது நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையில், கம்பிக்குப் பள்ளம் அறுப்பது. இதில் நட் பிரச்சினையைக் குறைந்த செலவில் சரிசெய்யலாம். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), டியூனிங் கீ (சுருதி சேர்க்கும் திருகி), வால்யூம் குமிழ் எல்லாமே பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலோ ஃப்ரெட் மேடுபள்ளமாக இருந்தாலோ மட்டும் பழுதுக்கூலி கிட்டாரின் விலையைத் தொட்டுவிடும். ஆகவே நேரத்தில் முக்கால் பங்கை நெக்குக்கே செலவழி.

எடுத்துப்போக வேண்டியவை: டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டை மூன்று, ஏ4 தாள் ஒன்று, போனில் ஒரு டியூனர் செயலி, சொந்தக் கேபிள் ஒன்று, 1.5 மி.மீ. ஆலன் கீ ஒன்று. அட்டையின் கனம் 0.76 மி.மீ., சாதாரண 80 கிராம் தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. வேறு அளவுகோல் தேவையில்லை.

முதலில் ஆறு கம்பிகளையும் சரியான சுருதிக்கு ஏற்று. சுருதி இறங்கிய கிட்டாரில் நெக்கின் இழுவை மாறிவிடும், அதில் எடுக்கும் எந்த அளவும் பொய்தான். பிறகு தலைப்பக்கத்திலிருந்து பிரிட்ஜை (கம்பிகளின் மறுமுனையை உடம்பில் தாங்கும் பகுதி) நோக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் இரு ஓரத்தையும் பார். ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் வளைந்தும் தெரிந்தால் முறுக்கு. அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடு, எவ்வளவு விலை குறைத்தாலும் சரி.

முறுக்கு இல்லையென்றால் அடுத்தது வளைவு. தடித்த E கம்பியை (ஆறில் மிகத் தடித்தது, மிக மெல்லியதும் E-தான்) முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்போடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடி. ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே தாளை இரண்டாக மடித்து நுழை. உரசாமல் போனால் 0.2 மி.மீ. இடைவெளி இருக்கிறது, அதுதான் வேண்டும். கம்பி ஃப்ரெட்டிலேயே படுத்திருந்தால் நெக் வளைவே இல்லாமல் இருக்கிறது, அல்லது பின்னால் வளைந்திருக்கிறது. ஓர் அட்டையே நுழைந்தால் முன்னால் அதிகமாக வளைந்திருக்கிறது. இரண்டையும் டிரஸ் ராட்டை (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டு) திருகினால் சரிசெய்யலாம்: வலப்பக்கம் இறுக்கினால் நேராகும், இடப்பக்கம் தளர்த்தினால் வளையும், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். விற்பவரையே திருகச் சொல். திருகு அசையவே இல்லை, அல்லது ஏற்கெனவே முழுக்க இறுகிக் கிடக்கிறது என்றால் அந்தக் கிட்டார் வேண்டாம்.

இப்போது ஃப்ரெட்டுகள். அட்டையின் நீள ஓரத்தைக் கம்பிகளுக்கு இடையே செங்குத்தாக இறக்கி, மூன்று ஃப்ரெட்டுகளை மட்டும் தொடும்படி வைத்து ஆட்டிப்பார். எட்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் இடைவெளி குறுகிவிடும், அங்கே குட்டை ஓரத்தைப் பயன்படுத்து. அட்டை ஊஞ்சலாடினால் நடு ஃப்ரெட் மேடு. அப்படி ஓரிடம் இருந்தால் அந்த ஃப்ரெட் பள்ளத்திலிருந்து எழும்பியிருக்கலாம், தட்டி உட்காரவைத்துவிடலாம். நாலைந்து இடத்தில் ஆடினால் வம்பு. பிறகு ஆம்பில் மாட்டாமலே ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மிதமாக மீட்டு. ஒரே ஓரிடத்தில் கரகரத்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட்தான் குற்றவாளி. முதல் நாலைந்து ஃப்ரெட் முழுக்கக் கரகரத்தால் வளைவு போதவில்லை. வெறும் காதுக்குக் கேட்டு ஆம்பில் கேட்காத லேசான கரகரப்பைப் பொருட்படுத்தாதே. மெல்லிய E கம்பியைப் பதினைந்தாம் ஃப்ரெட்டில் ஒரு முழு சுரம் ஏறும்வரை வளைத்தும் பார். சத்தம் பாதியில் செத்துப்போனால் மேலே எங்கேயோ மேடு இருக்கிறது. பழைய கிட்டாரானால் இரண்டாவது, மூன்றாவது கம்பிக்குக் கீழே முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் கம்பி தேய்த்த தடம் எவ்வளவு ஆழம் என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள். நகத்தில் லேசாகத் தட்டுப்பட்டால் பரவாயில்லை, நகம் உள்ளே இறங்கினால் விடு.

உள்ளங்கையை நெக்கின் ஓரத்தில் மேலும் கீழும் ஓட்டு. ஃப்ரெட் முனைகள் கீறினால், கடையின் குளிர்சாதன அறையில் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, உலோகம் அப்படியே நிற்கிறது. நம்மூர் ஈரத்தில் மரம் மறுபடி ஊறினால் கொஞ்சம் குறையும். கவிதாவின் அறையில் இரவெல்லாம் ஏர்கான் ஓடும் என்றால் குறையாது, அரம் போட்டுத் தேய்க்கத்தான் வேண்டும்.

கம்பி உயரத்தைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே பார். மெல்லிய E-க்குக் கீழே இரண்டு அட்டை சேர்ந்து, அதாவது 1.5 மி.மீ., உரசிக்கொண்டு போக வேண்டும். தடித்த E-க்குக் கீழே இரண்டு தாராளமாகப் போகலாம், மூன்று போகக் கூடாது. மூன்றும் போனால் பிரிட்ஜில் சேடில்களை (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு உலோகத் துண்டுகள்) இறக்க இன்னும் இடம் இருக்கிறதா பார். இடமிருந்தால் ஐந்து நிமிட வேலை. சேடில் அடியைத் தொட்டும் கம்பி உயரமாகவே இருந்தால் நெக் உடம்பில் உட்கார்ந்திருக்கும் கோணமே தவறு. அதைக் கழற்றி அடியில் தகடு வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், புதிதாகப் பழகுபவளுக்கு அந்தத் தலைவலி எதற்கு?

பலரும் கோட்டைவிடும் இடம் நட். மலிவு கிட்டாரில் நட்டின் பள்ளங்களைப் போதிய ஆழம் அறுக்காமலே அனுப்பிவிடுகிறார்கள். ஆழமாக அறுத்துக் கெடுப்பதைவிட மேலாக விடுவது அவர்களுக்குப் பாதுகாப்பு. விளைவு, முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பியை வெகுதூரம் அழுத்த வேண்டியிருக்கும். விரல் வலிக்கும், F கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் கூட்டுச் சுரம்) வராது, பிள்ளை தன் கைமேல்தான் குறை என்று நினைத்து ஓரமாக வைத்துவிடும். சோதனை இது: மெல்லிய E-யைத் திறந்த நிலையில் துல்லியமாகச் சுருதி சேர்த்து, முதல் ஃப்ரெட்டை வழக்கம்போல் அழுத்தி மீட்டு. டியூனரில் F பத்துப் பதினைந்து சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறிக் காட்டினால் நட் உயரம். மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தும்போது முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கும் உலோகத்துக்கும் தாள் கனத்துக்கும் குறைவான இடைவெளியே இருக்க வேண்டும். இந்தக் குறைக்காக நல்ல கிட்டாரை ஒதுக்காதே. விலையில் ஐம்பது குறைக்கச் சொல்லிவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் பள்ளத்தை அறுக்கக் கொடு.

பன்னிரண்டாம் ஃப்ரெட் சோதனை வேறு. அங்கே லேசாகத் தொட்டு எழும் ஹார்மானிக்கும் அழுத்தி எழும் சுரமும் ஒன்றாக வர வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளு, இறங்கியிருந்தால் நெக்கை நோக்கிக் கொண்டுவா. துருப்பிடித்த பழங்கம்பியில் இது ஒருபோதும் சரியாக வராது என்பதால் இதற்காக யாரையும் குறைசொல்லாதே.

"சுருதி நிற்கவில்லை, கீ மட்டம்" என்று எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் கீ காரணமில்லை. கம்பி நட் பள்ளத்தில் சிக்கி, திருகும்போது டிங் என்று குதிக்கும். பள்ளத்தில் 2பி பென்சிலால் தேய்த்தால் போதும். ஆட்டும் தண்டு வைத்த பிரிட்ஜானால், முதுகுப் பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளை இழுத்துப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் பிரிட்ஜ் உடம்போடு படியும்வரை இறுக்கிவிடு. முதல் வருடம் அவளுக்கு அந்தத் தண்டே வேண்டாம். இந்த விலையில் கம்பியைப் பூட்டுகிற ஃபிளாய்டு ரோஸ் வகை பிரிட்ஜ் இருந்தால் தொடவே தொடாதே. அதன் கத்தி முனை மட்டமான உலோகத்தில் சீக்கிரம் மழுங்கிவிடும்.

மின்பகுதியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். உன் கேபிளை மாட்டி, பிளக்கை லேசாக ஆட்டு. சத்தம் விட்டுவிட்டு வந்தால் சாக்கெட் தளர்ந்திருக்கலாம். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும். ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இயல்பு, கம்பியைத் தொட்டால் அது குறைய வேண்டும். குறையாவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கலாம், ஒரு பற்றவைப்பு வேலை. பிக்கப் தேர்வு சுவிட்சின் இரண்டாவது, நான்காவது நிலையில் ரீங்காரம் நன்றாக அடங்கினால் நடுப் பிக்கப்பை எதிர்ச்சுற்றாகச் சுற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏனோதானோவென்று செய்த பிக்கப்பில் இதைத்தான் விட்டுவிடுவார்கள். பசிஃபிக்கா 112வி-யானால் டோன் குமிழை மேலே இழுத்துப் பார், பிரிட்ஜ் பக்கத்து ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) பாதியாகப் பிரிந்து சத்தம் மெலிய வேண்டும்.

மரத்தைப் பற்றி விற்பவர் பேசினால் தலையாட்டிவிட்டு விடு. ஆல்டரா பாப்லரா என்பது இந்த ஆம்பில் யாருக்கும் கேட்காது. விரல்பலகை ரோஸ்வுட்டாக இல்லாமல் வெளிறிய லாரலாக இருந்தால் போலி என்று பயப்படாதே. 2017-இல் ரோஸ்வுட் வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தபோது பல கம்பெனிகள் லாரலுக்கு மாறின. 2019-இல் இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்த பிறகும் பலர் திரும்பவில்லை.

கிள்ளான் கிட்டாரில் இன்னொன்று: கடற்காற்றுப் பக்கம் இருந்த கிட்டாரில் சேடில் உயரத்திருகுகள் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். ஆலன் கீயால் ஒவ்வொன்றையும் சற்றே திருகிப் பார்த்துவிடு. ஒன்று அசையாவிட்டாலும் பிரிட்ஜ் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்.

ஆயிரத்தில் 650 முதல் 750 வரை கிட்டாருக்கு, மிச்சம் பத்து வாட் ஆம்ப், கேபிள், 9-42 கனமுள்ள கம்பி ஒரு செட், கிட்டாரைச் சீராக்கும் செட்டப் கூலி என்று பிரித்துக்கொள். ஆம்பும் பழையது வாங்கலாம், ஆனால் பின்பக்கத் தகட்டில் வோல்ட்டைப் படி. ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் ஆம்பை நம் 230 வோல்ட் பிளக்கில் நேராக மாட்டினால் அந்த நொடியே புகை.

சனிக்கிழமை போவதானால் பகலில் போ, நெக்கைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். கவிதாவையும் கூட்டிப் போ, உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்க்கட்டும், கனம் அவள் தோளுக்குத்தான் தெரியும். அங்கே சந்தேகம் வந்தால் ஏழாம் ஃப்ரெட் இடைவெளியைப் பக்கவாட்டில் படமெடுத்து அனுப்பு. மதியம் மூன்று மணிவரை போன் கையில்தான் இருக்கும்.

அன்புடன்,
ரவி