சிறிய படத்துக்குப் பெரிய கோப்பு ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போட்டித் தேர்வு அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம் கடைசித் தேதி, வயது வரம்பு, கட்டணம் ஆகிய விவரங்களைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிட்டு வருகிறது. அந்தச் செய்தியைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் கடைக்குப் படம் எடுக்க வரும் பிள்ளைகள் பலர். அவர்களில் பலர் விண்ணப்பம் முழுவதையும் பிழையின்றி நிரப்பிவிட்டு, புகைப்படத்தைப் பதிவேற்றும் இடத்தில் "கோப்பின் அளவு அதிகம்" என்ற ஒரே வரியில் சிக்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். இருபத்தாறு ஆண்டுகளாகச் சிற்றூரில் புகைப்பட நிலையம் நடத்தி வருபவன் என்ற முறையில், இந்தச் சிக்கலின் காரணம் பெரும்பாலோர் நினைக்கும் இடத்தில் இல்லை என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்கவே இக்கடிதம்.

சென்ற மாதம் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவி ஒருவருக்கு நான் படம் எடுத்துக் கொடுத்தேன். வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வுகளுக்குப் புகைப்படம் 200க்கு 230 பிக்சல் அளவில், 20 கேபிக்குக் குறையாமலும் 50 கேபிக்கு மிகாமலும் இருக்க வேண்டும்; கையெழுத்து 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. அந்த அளவுக்குச் சரியாக வெட்டி, ஜேபெக் கோப்பாகச் சேமித்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை அவர் தந்தையுடன் திரும்பி வந்தார். இணைய மையத்தில் அந்தக் கோப்பு 1,340 கேபி என்று காட்டியதாம். தரத்தைக் குறைத்துக் குறைத்துச் சேமித்துப் பார்த்தும் 1,300க்குக் கீழே இறங்கவில்லையாம். வேறு வழி தெரியாமல் ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றிச் சுருக்கியிருக்கிறார்கள். அது 11 கேபியாக வந்து, குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போனதால் மீண்டும் நிராகரிக்கப்பட்டது. அந்தப் படத்தைத் திரையில் பார்த்தேன். கண்ணும் புருவமும் ஒன்றோடொன்று கரைந்து, நெற்றிப் பொட்டு ஒரு சதுரக் கறையாகிப் போயிருந்தது. அந்த முகத்தை அடையாளமாகக் கொண்டுதான் தேர்வு அறையில் அவரைச் சரிபார்ப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சம் பதறியது.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். 200க்கு 230 என்றால் மொத்தம் 46,000 பிக்சல்கள். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஆக 1,38,000 பைட், அதாவது ஏறத்தாழ 135 கேபி. எந்தச் சுருக்கமும் செய்யாமல் அப்படியே எழுதி வைத்தாலும் அந்தப் படம் இவ்வளவுதான். ஜேபெக் முறை அதையும் பல மடங்கு சுருக்கிவிடும். அப்படியிருக்க 1,340 கேபி எங்கிருந்து வந்தது? மிச்சமிருக்கும் ஆயிரத்துச் சொச்சம் கேபி, படமாக இருக்கவே முடியாது. படமல்லாத ஒன்றைக் குறைப்பதற்காகப் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் முகம்தான் அழியும், கோப்பு குறையாது. அந்த மையத்தில் நடந்தது இதுவே.

நான் எடுத்துக் கொடுத்த மூலக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். முதலில் சில வரிகள் புரியாத குறிகளாக ஓடின. அதன்பின் தெளிவான ஆங்கில எழுத்தில் "டாகுமென்ட் ஆன்செஸ்டர்ஸ்" என்ற ஒரு தலைப்பு வந்தது. ஆவணத்தின் மூதாதையர் என்று பொருள். அதற்குக் கீழே எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட அடையாளக் குறி ஒன்று, அடுத்த வரியில் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. சுட்டியின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தேன், வரிகள் முடியவில்லை. வரிக்கு ஐம்பது எழுத்துக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் வரிகள் இருக்க வேண்டும்.

இவை எங்கிருந்து வந்தன என்பது விளங்கியபோது, பிழை என்னுடையது என்பதும் விளங்கியது. பெரும்பாலான ஸ்டுடியோக்களைப் போலவே என் கடையிலும் பாஸ்போர்ட் படத்துக்கென்று ஒரு பிஎஸ்டி கோப்பு, அதாவது படம் திருத்தும் ஃபோட்டோஷாப் மென்பொருளின் கோப்பு, இருக்கிறது. நீலப் பின்னணி, எட்டுக் கட்டங்கள், சுற்றிலும் வெள்ளை ஓரம். வருகிறவரின் முகத்தை வெட்டி அதில் ஒட்டுவோம், அச்செடுப்போம், சேமிப்போம், அடுத்தவருக்கு அதே கோப்பைத் திறப்போம். ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு ஓர் அடுக்கை (லேயர்) கொண்டுவந்து ஒட்டும்போது, வந்த இடத்தின் அடையாளக் குறியை ஃபோட்டோஷாப் குறித்து வைத்துக்கொள்கிறது. ஒட்டிய படத்தைப் பிறகு அழித்தாலும் அந்தக் குறி அழிவதில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேர், எட்டு ஆண்டுகள் என்று கணக்கிட்டால் நான் கண்ட வரிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒத்துப்போகிறது. எட்டு ஆண்டுகளாக என் கடைக்கு வந்துபோனவர்களின் தடமெல்லாம் அந்த மாணவியின் கோப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. அவற்றில் யாருடைய பெயரோ முகமோ இல்லை, வெறும் குறிகள்தான் என்பது மட்டும் ஆறுதல்.

இந்தக் குறிகள் எழுதப்படும் இடத்துக்கு எக்ஸ்எம்பி என்று பெயர். அடோபி நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய இந்த முறையில், படத்தோடு அதைப் பற்றிய விவரங்களும் அதே கோப்பில் பயணிக்கும். எடுத்தவர் பெயர், தலைப்பு, உரிமைக் குறிப்பு ஆகியவற்றைச் சுமந்து செல்வதால் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு அது மிகவும் பயனுள்ளது. அதனை நான் குறைசொல்லவில்லை. ஆனால் 50 கேபி வரம்புக்குள் நிற்க வேண்டிய படத்துக்கு அந்தச் சுமை ஆகாது.

தீர்வு எளிது. ஃபோட்டோஷாப்பில் "சேவ் ஆஸ்" வழியாகச் சேமிப்பதற்குப் பதிலாக "சேவ் ஃபார் வெப்" வழியாகச் சென்று, மெட்டாடேட்டா (கூடுதல் விவரங்கள்) என்ற இடத்தில் "நன்" (None, எதுவும் வேண்டாம்) என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஏற்றுமதி செய்யும்போது தோன்றும் பெட்டியில் எக்ஸிஃப் (கேமரா பதியும் விவரங்கள்), எக்ஸ்எம்பி, சிறுபடம் ஆகியவற்றுக்கு எதிரே உள்ள குறிகளை நீக்கிவிடலாம். ஏற்கெனவே சேமித்த கோப்புகளை மொத்தமாகச் சுத்தம் செய்ய, ஃபில் ஹார்வி உருவாக்கி இலவசமாக வழங்கிவரும் எக்ஸிஃப்டூல் என்ற கருவி இருக்கிறது. நான் முதல் வழியைப் பின்பற்றி, படத்தின் தரத்தில் கை வைக்காமல் அதே கோப்பை மீண்டும் சேமித்தேன். 34 கேபி வந்தது. மாணவியின் தந்தை திரையில் அந்த எண்ணைக் கண்டதும், "இதுக்கா சார் ரெண்டு நாளா அலைஞ்சோம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். அழைப்பிதழ், பதாகை அச்சிடும் கடைகளில் கணினியை அச்சு வேலைக்கு ஏற்றவாறு, நான்கு மைகளைக் கொண்டு நிறத்தைக் குறிக்கும் சிஎம்ஒய்கே நிறமுறையில் வைத்திருப்பார்கள். அங்கே உருவாகும் படத்தோடு அந்த நிறமுறையின் விவரக் கோப்பும் சேர்த்து ஒட்டப்படும். அச்சகங்களில் பரவலாகப் புழங்கும் ஸ்வாப் என்ற நிறவிவரம் மட்டுமே ஏறத்தாழ 545 கேபி. திரைக்கான எஸ்ஆர்ஜிபி விவரமோ வெறும் 3 கேபி. ஆகவே, நகம் அளவு படம்கூட 550 கேபியைத் தாண்டி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இங்கே நிறவிவரத்தை வெறுமனே பிய்த்தெறிவது சரியன்று, நிறம் திரிந்துபோகும். முதலில் படத்தைச் சிவப்பு-பச்சை-நீல நிறமுறையான ஆர்ஜிபிக்கு, அதன் எஸ்ஆர்ஜிபி விவரத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு சேமிக்க வேண்டும்.

படமே கனமாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. கைப்பேசியில் எடுத்ததை அளவு மாற்றாமல் அனுப்புவது எல்லோரும் அறிந்தது. தரத்தை எப்போதும் ஃபோட்டோஷாப்பின் உச்ச அளவான 12இல் வைத்துச் சேமிப்பது இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டுக்காகக் கோப்பு வீங்கிவிடும். முன்பே சுருக்கிய படத்தை மீண்டும் 12இல் சேமித்தால் இழந்த தெளிவு திரும்பாது, எடை மட்டும் கூடும். டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணை 300இலிருந்து 72ஆக மாற்றினால் கோப்பு சுருங்கும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். பிக்சல் எண்ணிக்கை மாறாத வரையில் அந்த எண் அச்சுத்தாளில் படம் எத்தனை அங்குலம் விழும் என்பதை மட்டுமே சொல்லும். கோப்பின் எடைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கையெழுத்தின் கதை வேறு. வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தைக் கைப்பேசியில் படமெடுத்தால், நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் தாள் உண்மையில் சாம்பல் நிறத்தில், நிழலும் சொரசொரப்புமாகப் பதிவாகியிருக்கும். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒரே நிறமாக உள்ள கட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமே செலவாகாது. பொடிப்பொடியான வேறுபாடுகள் நிறைந்த கட்டத்துக்கு நிறையச் செலவாகும். ஃபோட்டோஷாப்பில் வெளிச்சத்தையும் கருமையையும் சரிசெய்யும் லெவல்ஸ் கருவியால் தாளைத் தூய வெள்ளையாக்கி, மையின் கோட்டை மட்டும் கருமையாக நிறுத்தினால், தரம் குறையாமலே கோப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். சில சமயம் 10 கேபிக்கும் கீழே போய்விடும். அப்போது தரத்தைக் கூட்டிச் சேமித்தால் போதும். எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது கையில் பிடிபட இரண்டு மூன்று படங்களே போதுமானவை.

நம் ஊர்களில் வழக்கத்தில் உள்ள ஒரு குறுக்குவழியைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. படத்தைத் தனக்குத் தானே வாட்ஸ்அப்பில் அனுப்பி, மீண்டும் இறக்கிக்கொள்வார்கள். கோப்பு குறைந்துவிடும். அது படத்தை நன்றாகச் சுருக்கியது என்று எண்ணுகிறார்கள். உண்மையில் இத்தகைய சிறிய படங்களில், ஒளிந்திருந்த விவரங்களை உதறியதாலேயே பெரும்பகுதி குறைகிறது. கூடவே படத்தையும் ஒருமுறை மறுபடி சுருக்குவதால் 200 பிக்சல் அகலமே உள்ள முகத்தில் அந்த இழப்பு உடனே தெரியும். இதைவிட எனக்குக் கவலை தருவது, "படத்தைச் சுருக்கித் தருகிறோம்" என்று அழைக்கும் முகமறியா இணையதளங்கள். ஒரு பெண்ணின் முகமும் கையெழுத்தும் ஒரே நாளில், ஒரே இடத்தில், யாரென்றே தெரியாதவர்களிடம் போய்ச் சேர்கின்றன. கணினியிலேயே ஒரு நிமிடத்தில் முடியும் வேலைக்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டுமா என்பதைப் பெற்றோரும் மைய நடத்துநர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேர்வு நடத்தும் அமைப்புகளிடம் என் வேண்டுகோள் இரண்டு. "கோப்பின் அளவு அதிகம்" என்று மட்டும் காட்டாமல், படத்தின் நீள அகலம் சரியாக இருந்து எடை மட்டும் மிகுந்திருந்தால், "படத்துடன் இணைந்துள்ள கூடுதல் விவரங்களை நீக்கிச் சேமிக்கவும்" என்ற ஒரு வரியைத் தமிழிலும் காட்டலாம். அதைவிட நல்லது, பதிவேற்றும் படத்திலிருந்து அந்த விவரங்களைத் தங்கள் வழங்கியிலேயே (சர்வர்) நீக்கிவிட்டு அதன்பின் அளவைச் சரிபார்ப்பது. நிரலாளர்களுக்கு இது அரிய வேலை அன்று.

என் தொழில் நண்பர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கடையில் பல ஆண்டுகளாகப் புழங்கும் பாஸ்போர்ட் கோப்பிலிருந்து ஒரு படத்தை வெட்டிச் சேமித்து, அதன் எடையை இன்றே பாருங்கள். நூற்றைம்பது கேபியைத் தாண்டினால் அந்தக் கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். பழையதிலிருந்து அடுக்குகளை இழுத்துக்கொண்டு வர வேண்டாம், பழைய குறிகள் அனைத்தும் அவற்றோடு வந்துவிடும். கட்டங்களை மீண்டும் வரைய எனக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் ஆயிற்று. அதிலிருந்து வெட்டிச் சேமித்த முதல் படம் 41 கேபி. தம்பிக்கு விண்ணப்பிப்பதற்காக அந்த மாணவியே மறுபடியும் வந்திருந்தார்.

இப்படிக்கு,
புகைப்பட நிலைய உரிமையாளர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.