முதலில் பெயர்ப் பட்டியலைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் அரசுக்குச் சொந்தமான தேயிலைத் தோட்டங்களைக் கம்பனிகளுக்கே நீண்ட குத்தகைக்கு விடுவதா, பிரித்துச் சிறுதோட்டங்களாகக் கொடுப்பதா என்று உங்கள் பத்திரிகையில் வாசகர்கள் மாறி மாறி எழுதுகிறார்கள். நான் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். இப்போது தெற்கே தெனியாயப் பக்கம் தனியார் தொழிற்சாலை ஒன்றின் கொழுந்து லொறியில் நிறை எழுதுகிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

குத்தகையை நீட்டச் சொல்பவர்களின் கதை இது: 1992இல் அரச நிறுவனங்களான ஜனவசமவிடமும் பெருந்தோட்ட யாக்கத்திடமும் இருந்த தோட்டங்களில் பெரும்பாலானவை கம்பனிகளின் கைக்குப் போயின. குத்தகை 53 வருடம், 2045இல் முடிகிறது. பழைய தேயிலையைப் பிடுங்கி, மண் தேற ஒன்றரை இரண்டு வருடம் குவாத்தமாலா புல் வளர்த்து, பிறகு கன்று நட்டுக் கொழுந்து பார்க்க இன்னும் மூன்று வருடமாவது ஆகும். ஐந்து வருடம் வருமானமில்லாமல் பணத்தைக் கொட்டினால், எடுக்க மிச்சக் காலம் போதாது என்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் 53 வருடமும் முழுதாகக் கையில் இருந்த காலத்தில் எத்தனை மலையில் (தோட்டத்தின் தேயிலைப் பகுதியை மலை என்போம்) மீள்நடுகை நடந்தது? வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலையில் இன்றும் கொழுந்து எடுக்கும் எங்கள் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்று நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கும் மேல் சிறுதோட்டங்களிலிருந்துதான் வருகிறது. நான் லொறிக்குக் கொழுந்து வாங்கும் வீடுகளில் பெரும்பாலோருக்கு ஒரு ஏக்கர்கூட இல்லை. ஒரு அம்மாவுக்கு முக்கால் ஏக்கர். நைலான் பையை அவரே தராசில் மாட்டுவார். "மல்லி (தம்பி), கையை எடு" என்று சிங்களத்தில் அதட்டிவிட்டு, முள் ஆடி நிற்கும்வரை கண்ணை எடுக்க மாட்டார். மழை நாளில் ஈரத்துக்காக நிறையில் அதிகம் கழித்துவிட்டேன் என்று தோன்றினால் சண்டை போட மாட்டார். மறுநாள் அவர் பை எங்களுக்கு இல்லை, பின்னால் வரும் அடுத்த தொழிற்சாலை லொறியில் ஏறிவிடும். தேயிலை விற்ற விலையில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்றொரு விதி இருக்கிறது. அந்த விதியைவிட, அந்த இரண்டாவது லொறிக்குத்தான் எங்கள் முதலாளி அதிகம் பயப்படுகிறார் என்பது என் அபிப்பிராயம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மலையகத்தில் இப்போது நடப்பதைப் பாருங்கள். "நாங்களும் பிரித்துத்தானே கொடுக்கிறோம்" என்று சில கம்பனிகள் அவுட்குரோவர் முறையைக் காட்டுகின்றன. எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் தோட்டத்தில் வீட்டுக்கு இத்தனை செடி என்று எண்ணிக் கொடுத்தார்கள். புல் வெட்டுவது, பசளை போடுவது எல்லாம் குடும்பத்தின் தலையில். கொழுந்தை அதே கம்பனியின் தராசில்தான் போட வேண்டும். உரத்துக்கும் மருந்துக்கும் பிடித்தது போகத்தான் கையில் காசு. அந்த மலையில் வேலை செய்த நாட்களுக்குச் சேமலாப நிதி கிடையாது. காணி குடும்பத்தின் பெயரில் இல்லாததால், அதைக் காட்டி வங்கியில் கடன் கேட்க வழியில்லை. சம்பளப் பட்டியலிலிருந்து ஆளைக் கழற்றுவதற்குப் பங்கீடு என்று பெயர் வைக்க வேண்டாம்.

அதற்காக, பிரித்துக் கொடு என்று கண்ணை மூடிக்கொண்டு கைதூக்கவும் எனக்கு மனமில்லை. எங்கள் ஆட்களுக்குப் பங்கீடு என்றாலே வயிற்றைக் கலக்கும், காரணம் இருக்கிறது. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவருக்கு 50 ஏக்கர், வயல் என்றால் 25 ஏக்கர் என்று உச்சவரம்பு போட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. எடுத்த காணியில் ஒரு பகுதி சுற்றுக் கிராமங்களுக்குப் பிரிக்கப்பட்டது. அங்கே பரம்பரையாகக் கொழுந்து எடுத்தவர்களில் பலருக்கு 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் குடியுரிமையே இல்லை, பிறகு காணி எங்கே கிடைக்கும்? பல தோட்டங்களில் லயங்களை விட்டே விரட்டப்பட்டார்கள். வடக்கே வன்னிக்குப் போனவர்கள் உண்டு, பிச்சை எடுத்தவர்கள் உண்டு. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததும், தோட்டக் காணியைப் பிரிக்க வந்ததை எதிர்த்த போராட்டத்தில்தான்.

ஆகவே "உள்ளூர் மக்களுக்குக் கொடுங்கள்" என்று எழுதும் நண்பர்களே, அந்த உள்ளூர்க்காரர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இருநூறு வருடம் அதே மலையில் கூடை சுமந்த குடும்பம் காணி பெறுவோர் பட்டியலில் முதலில் வருமா, மூன்று மைல் தள்ளி இருப்பவருக்குப் பிறகு வருமா? வீடு கட்ட 7 பேர்ச்சஸ் துண்டுக் காணி வாங்கவே எங்கள் சனம் பட்ட பாடும், வீடு கிடைத்த பிறகும் காணி உறுதிப் பத்திரத்துக்காக அலைவதும் தெரிந்தவர்கள் இதை வீண் சந்தேகம் என்று சொல்லமாட்டார்கள்.

உறுதி கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்கிறார் ஒரு வாசகர். தெற்கில் யாரும் விற்கவில்லையா? 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது செடி மஞ்சளித்து, காணியை அடகு வைத்த சிறுதோட்டக்காரர்களை நான் பார்த்தேன். சிறுதோட்டம் சொர்க்கம் இல்லை. கெட்ட வருடத்தில் தாங்கிப் பிடிக்க ஆளில்லை, பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துக் கால் ஏக்கராகிவிடும் ஆபத்தும் உண்டு. பத்து வருடத்துக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை போடட்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதட்டும். சிறுதோட்ட அதிகாரசபையின் மீள்நடுகை மானியத்தைத் தெற்குக்குக் கொடுப்பதுபோல் இங்கும் கொடுக்கட்டும். கொழுந்தை எந்தத் தொழிற்சாலைக்கும் விற்கலாம் என்பதையும், வெளி லொறி தோட்டப் பாதையில் வரலாம் என்பதையும் எழுத்தில் தரட்டும். மற்றதை எங்கள் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள், இந்த வேலையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு 2045 வரை காத்திருக்கத் தேவையில்லை. காடு பிடித்துக் கிடக்கும் மலைகள் அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் உண்டு. ஏக்கர் கணக்கும் மலை நம்பரும் தோட்டத்துக் கந்தோரிலேயே இருக்கும். அவற்றில் தொடங்கலாம். ஆனால் காணி பெறுவோரின் பெயர்ப் பட்டியலை லயத்து வாசலில், தமிழில், ஒட்டிய பிறகே நில அளவையாளர் சங்கிலியை எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கொழுந்து லொறிக்காரன்,
தெனியாய