வசந்தா, ஆக்ஸ்ஃபோர்டு போகும் முன் இந்தப் படங்களைப் பார்

பாளையங்கோட்டை

அன்புள்ள வசந்தா,

கடிதமும் படமும் வந்து சேர்ந்தன. காயத்ரிக்கு ஏழாம் மாதம் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. வளைகாப்பை அங்கே தோழிகளே நடத்திவிட்டார்கள் என்பதில் உனக்குக் கொஞ்சம் வருத்தம் போலத் தெரிகிறது. விடு, பிள்ளை பிறக்கும்போது நீ பக்கத்தில் இருப்பாய், அதுதான் முக்கியம். பிரசவ லேகியத்துக்கு இங்கே நாட்டு மருந்துக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். நீ கிளம்புவதற்கு முன் உன் கைக்கு வந்துவிடும்.

இங்கே எல்லாரும் சுகம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இத்தனை நாள் மஞ்சளாகத் தெரிந்த சுவர் வெள்ளைச் சுவர்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. அத்தைக்கு மூட்டுவலி இருந்தாலும் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். காயத்ரியும் மாப்பிள்ளையும் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வளைவுப் பாலத்தடியில் நிற்கிறார்கள். 'ஐந்நூறு வருஷத்துப் பாலமாம்' என்று பின்னால் எழுதியிருக்கிறாய். வசந்தா, அந்தப் பாலத்தை 1914இல்தான் கட்டி முடித்தார்கள். ஹெர்ட்ஃபோர்டு கல்லூரியின் இரண்டு பக்கக் கட்டடங்களையும் தெருவுக்கு மேலே இணைக்க, டி. ஜி. ஜாக்சன் என்ற கட்டடக் கலைஞர் போட்ட வடிவம் அது. என் பாட்டி அதைவிட மூத்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்த படம் எதிலும் அந்தத் தெருவுக்கு மேலே வெறும் வானம்தான் இருக்கும்.

இதை உன்னைத் திருத்துவதற்காக எழுதவில்லை. ஓய்வு பெற்றதிலிருந்து நான் ஆசையோடு பார்த்துவருவது ஆக்ஸ்ஃபோர்டின் பழைய படங்களைத்தான். செப்புத் தகட்டு அச்சுகள், நீர்வண்ணங்கள், முதல் புகைப்படங்கள் என்று நூலகங்கள் ஸ்கேன் செய்து எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் 'மாறாத ஊர்' என்கிறார்கள். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. எட்டு நூறு வருஷமாக இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிற ஊர் அது. நீ முப்பது வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள், உன் கண்ணுக்கு இது உடனே பிடிபடும். அதனால்தான் நீ போகும் முன் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் நீ பார்க்க வேண்டியது டேவிட் லோகனை. 1634இல் டான்சிக் நகரில் பிறந்தவர். இப்போது அது போலந்தில் இருக்கிறது. 1665இல் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டுப் பக்கம் வந்தார். 1669இல் பல்கலைக்கழகம் அவரைத் தன் செதுக்கோவியராகவே நியமித்தது. 1675இல் வெளிவந்த அவருடைய 'ஆக்ஸோனியா இல்லஸ்ட்ராட்டா'வில் கிட்டத்தட்ட எல்லாக் கல்லூரிகளையும் பறவைப் பார்வையில் காட்டியிருக்கிறார். பலூன்கூட இல்லாத காலம். தரையில் நின்று அளந்து, முகப்புகளை வரைந்து, அதை எல்லாம் மேலிருந்து பார்ப்பதாக மனசுக்குள் எழுப்பியிருக்கிறார். பிறகு அதைச் செம்பில் இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும், லத்தீன் எழுத்துகள் உட்பட. நீ கரும்பலகையில் ஒரு கோபுரத்தின் தூரக்காட்சி போட்டுக் காட்டவே எத்தனை தடவை அழித்து எழுதுவாய்!

நியூ காலேஜ் படத்தைப் பெரிதாக்கிப் பார். தோட்டத்தை நாலு கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றில் அரச முத்திரை, ஒன்றில் கல்லூரியை நிறுவிய விக்கமின் முத்திரை, ஒன்றில் சூரியக் கடிகாரம், எல்லாம் செடியை வெட்டி வளர்த்தே வரைந்த உருவங்கள். பின்னால் படிப்படியாக ஒரு செயற்கை மேடு. அதன்மேல் ஏறி நின்று கீழே இருக்கிற கோலத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. செடிக்கோலங்கள் போய் வெகுகாலம் ஆயிற்று. மேடு இன்றும் இருக்கிறது, மரங்கள் அடர்ந்து போய். லோகனின் படம் இல்லாவிட்டால் அந்த மேடு அங்கே எதற்கு என்று இன்று பார்க்கிறவர்களுக்குப் புரியவே புரியாது.

கிறைஸ்ட் சர்ச் படத்தில் வேறு விஷயம். இன்று அந்த ஊரின் அடையாளமே அதன் வாசல்மேல் நிற்கும் டாம் டவர் மணிக்கோபுரம். லோகன் படத்தில் அது இல்லை. அரசரின் அமைச்சராக இருந்த கார்டினல் வுல்ஸி 1525இல் கல்லூரியைத் தொடங்கினார், நாலே வருஷத்தில் அதிகாரம் இழந்தார், வாசல் அரைகுறையாக நின்றுவிட்டது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் வந்து 1681-82இல்தான் மேலே கோபுரம் எழுப்பினார். சுமார் நூற்றைம்பது வருஷம் அந்த வாசல் முடியாமலே இருந்திருக்கிறது. அதற்குள் எத்தனை தலைமுறை அந்த வழியே போய்ப் படித்திருக்கும்! ராட்கிளிஃப் கேமராவும் அப்படித்தான். அந்த உருண்டை நூலகம் 1749இல் முடிந்தது. லோகன் காலத்தில் அந்த இடத்தில் வீடுகள்.

ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள். லோகன் பொய் சொல்லவில்லை, ஆனால் கல்லூரிகளுக்குப் பிடித்த மாதிரி வரைந்தார். எல்லாச் சுவரும் நேற்று பூசியதுபோல் இருக்கும். சேறு இருக்காது, இடிந்த மூலை இருக்காது. அடுத்து வந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1730களில் வில்லியம் வில்லியம்ஸ் போட்ட தொகுப்பில், கட்ட நினைத்து கட்டாமலே போன கட்டடங்கள்கூட நின்றுகொண்டிருக்கும். மாட்லன் கல்லூரியில் பெரிய முற்றம் ஒன்று கட்டத் திட்டமிட்டு, கடைசியில் ஒரு பக்கம் மட்டுமே எழுந்தது. படத்தை மட்டும் நம்பினால் முழு முற்றமும் இருந்தது என்று சத்தியம் செய்வோம்.

ஆங்கிலேய ஓவியர் டர்னர் வரைந்த ஆக்ஸ்ஃபோர்டு படங்களும் உண்டு. பல்கலைக்கழக ஆண்டு நாட்காட்டிக்காக இளம் வயதில் பத்துப் படங்கள் செய்துகொடுத்தார். ஒளி அழகு. ஆனால் எனக்கு அவற்றில் ஊரைவிட டர்னர்தான் அதிகம் தெரிகிறார்.

என்னைக் கட்டிப்போட்டது 1840களில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் எடுத்த புகைப்படங்கள்தான். டால்பட் படித்தது கேம்பிரிட்ஜில், காகித நெகட்டிவ் முறையைக் கண்டுபிடித்தவர். 1844இல் அவர் வெளியிடத் தொடங்கிய 'பென்சில் ஆஃப் நேச்சர்', புகைப்படங்களை ஒட்டி விற்பனைக்கு வந்த முதல் நூல்களில் ஒன்று. அதில் முதல் படமே ஆக்ஸ்ஃபோர்டு குயீன்ஸ் கல்லூரியின் ஒரு மூலை. கல்லூரி 1341இல் தொடங்கியது. ஆனால் லோகன் வரைந்த பழைய குயீன்ஸில், வாசல் பக்கத்துச் சந்தில் இருக்கும். டால்பட் எடுத்தது பதினெட்டாம் நூற்றாண்டில் அதை இடித்துவிட்டு ஹை ஸ்ட்ரீட்டைப் பார்த்துக் கட்டிய புதுக் கட்டடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கல்லூரி என்று பெயரை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அந்தப் படத்தில் சுவரைப் பார். கல் பொரிந்து, உரிந்து, தோல் கழன்றதுபோல் இருக்கிறது. கட்டி இருநூறு வருஷம்கூட ஆகாத சுவர்! டால்பட்டே படத்தின் கீழே எழுதியிருக்கிறார், காலமும் வெயிலும் மழையும் கல்லைத் தின்றிருக்கின்றன, கல்லே தரமில்லாததாக இருக்கலாம் என்று. அது உண்மைதான். பக்கத்து ஹெடிங்டன் குவாரிகளில் கிடைத்த மென்கல் அது. வெட்டும்போது வெண்ணெய், செலவும் குறைவு. நகரத்தில் நிலக்கரிப் புகை பெருகியதும் கந்தகம் கல்லில் ஊறி, மேலே கருப்பு ஓடு கட்டி, கொப்புளம் கொப்புளமாக உதிர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் கல்லூரி கல்லூரியாக முகப்பை மாற்ற வேண்டி வந்தது. 1957இல் அதற்கென்றே நிதி திரட்டினார்கள். ரட்லண்டிலிருந்து கிளிப்ஷம் கல் வந்தது. இன்று நீ போய்ப் பார்க்கப்போகும் தேன்நிறச் சுவர்களில் எத்தனையோ நம் வயதுகூட ஆகாதவை.

ஷெல்டோனியன் அரங்கத்துக்கு வெளியே கம்பத்துக்கு ஒன்றாகத் தாடி வைத்த கல் தலைகள் இருக்கும், பார்க்காமல் வராதே. 'சக்கரவர்த்திகள்' என்பார்கள். யாருடைய முகங்கள் என்று யாருக்கும் தெரியாது. 1669இல் வைத்த முதல் வரிசை இருநூறு வருஷம் தாங்கியது. 1868இல் மாற்றிய வரிசைக்கு மோசமான கல் வாய்த்து, நூறு வருஷத்தில் மூக்கு, கண் எல்லாம் உருகிப்போயிற்று. இப்போது இருப்பது 1970களின் தொடக்கத்தில் மைக்கேல் பிளாக் செதுக்கியது. பழைய புகைப்படங்களில் அந்த இரண்டாம் வரிசையின் முகங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

டால்பட் இன்னொன்றும் சொன்னார், அதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். குயீன்ஸ் கல்லூரி வாசலை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த படத்தின் கீழே அது வருகிறது. படத்தைப் பெரிய லென்ஸ் வைத்துப் பாருங்கள், எடுத்தவனே கவனிக்காதது எல்லாம் அதில் பதிந்திருக்கும், சுவரில் எழுதிய தேதி, தூரத்துக் கடிகாரத்தில் அப்போது மணி எத்தனை என்பதுகூட என்கிறார். லோகன் தான் பார்க்க நினைத்ததை வரைந்தார். கேமரா யாரும் கேட்காததையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. நான் பழைய படம் எதையும் நடுவில் பார்ப்பதை விட்டுவிட்டு ஓரங்களிலிருந்து பார்க்கத் தொடங்கியது அதைப் படித்த பிறகுதான். டான்ட் என்ற உள்ளூர் புகைப்படக்காரரின் படங்களில் ஓரங்களுக்காகவே மணிக்கணக்காக உட்காரலாம். ஹை ஸ்ட்ரீட்டில் குதிரை டிராமின் தண்டவாளம், கடைப் பலகைகள். அந்த டிராம் 1881இல் ஓடத் தொடங்கி 1914இல் நின்றது. தண்டவாளம் இருக்கிறதா என்று பார்த்தே படத்தின் காலத்தைக் கணிக்கலாம். 1922இல் டான்ட் இறந்தபின் அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் ஏராளமாக அழிந்தன. மிஞ்சியவற்றைக் காப்பாற்றியதில் நகர நூலகருக்குப் பெரிய பங்கு உண்டு. நானும் நூலகராக இருந்தவள் என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை!

பெண்கள்? அந்தக் கல்லூரிப் படங்களில் நெடுங்காலம் கவுன் போட்ட ஆண்கள்தான். ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுத்ததே 1920இல்தான். ஆனால் கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார், சாரா ஏஞ்சலினா அக்லண்ட். மருத்துவப் பேராசிரியர் ஒருவரின் மகள். 1900க்கு முன்பின்னாகவே வண்ணப் புகைப்படம் எடுத்தார். சிவப்பு, பச்சை, நீலம் என்று வடிகட்டிகள் வழியாக மூன்று தடவை எடுத்து, மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். இடையில் காற்றில் ஒரு இலை அசைந்தாலும் நிறம் பிசகிவிடும். எத்தனை பொறுமை வேண்டும்! அவரை இன்னும் எத்தனையோ பேருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

அப்புறம் நம் போப். சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி. யு. போப் கடைசிக் காலத்தைக் கழித்தது ஆக்ஸ்ஃபோர்டில்தான். பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர், பேலியல் கல்லூரியின் குருவானவர். திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையை 1900 ஏப்ரல் 24, தம் எண்பதாவது பிறந்தநாளில் எழுதி முடித்தார். ஒரு நாள் மாலை ஜெபம் முடிந்து, கல்லூரித் தலைவர் ஜோவெட்டோடு முற்றத்தில் நடந்ததை அதில் சொல்கிறார். பேச்சு தமிழ்ப் பாடல்கள் பக்கம் போகிறது. அச்சிட்டே ஆகவேண்டும் என்கிறார் ஜோவெட். ரொம்பக் காலம் பிடிக்குமே, எனக்குச் சாகா வரமா இருக்கிறது என்கிறார் போப். நிலவொளி நரைத்த தலையில் விழ, ஜோவெட் திரும்பி இவர் தோளில் கைவைத்து, பெரிய வேலை ஒன்று கையில் இருப்பதுதான் நீண்ட நாள் வாழும் வழி, முடிக்கும்வரை இருப்பீர் என்கிறார். பேலியலின் தெருமுகப்பு 1867-68இல் வாட்டர்ஹவுஸ் என்ற கட்டடக் கலைஞர் புதிதாகக் கட்டியது. ஆகவே லோகன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போனால் முகப்பு பொருந்தாது, ஆனால் முற்றத்தின் வடபக்கத்துப் பழைய நூலகம் பொருந்தும்.

போப்பின் கல்லறை வால்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர் இடுகாட்டில் இருக்கிறது. 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று கல்லில் பொறித்திருப்பதாக நாம் பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தோம். கல்லின் புகைப்படம் இருக்கிறது, படித்துப் பார்த்தேன். அந்த வாசகம் அதில் இல்லை. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அவருடைய வாழ்நாள் உழைப்பைப் போற்றி வைத்த கல் என்றுதான் இருக்கிறது. எனக்கு இதுதான் அதைவிட நெகிழ்ச்சியாக இருக்கிறது. இங்கிருந்து பணம் சேர்த்து அனுப்பி அங்கே ஒரு கல் நட்டிருக்கிறார்கள், வசந்தா.

குழந்தை பிறந்த பிறகு உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதனால் போய்ச் சேர்ந்த வாரமே ஒரு நடை இவற்றைப் பார்த்துவிடு. ராத்திரி ஒன்பது ஐந்துக்கு டாம் டவர் மணி 101 தடவை அடிக்கும், காயத்ரி வீட்டுக்குக் கேட்கிறதா என்று எழுது. ஸ்கெட்ச் நோட்டு எடுத்துப் போகிறாய் இல்லையா? ஹை ஸ்ட்ரீட்டில் குயீன்ஸ் கல்லூரிக்கு எதிர்ப்புறம் நின்று எனக்காக ஒரு படம் வரை. கேமரா வேண்டாம், உன் கையால் வரை. சாரம் கட்டியிருந்தால் சாரத்தையும், சைக்கிள் சாய்த்திருந்தால் சைக்கிளையும், குப்பைத் தொட்டி இருந்தால் அதையும் விடாமல் போடு. படத்துக்குக் கீழே தேதியும் மணியும் மறக்காமல் எழுது.

காயத்ரிக்கு என் ஆசீர்வாதம். அண்ணனுக்கு வணக்கம் சொல்.

பிரியமுள்ள,
செல்வி