இலுப்பை விதை விஷயமாக வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடை இலுப்பை விதை ஒன்றுகூட முளைக்கவில்லை, போன வருடச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு குரல் பதிவு பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். கடையைச் சீக்கிரம் அடைக்கிறோம் என்று திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பழைய விதை என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை.

இலுப்பையில் போன வருடச் சரக்கு என்று ஒன்றை யாராலும் வைத்திருக்க முடியாது. உசில், வெள்வேல் என்றால் தோல் தடித்த விதை. காயவைத்துச் சாக்கில் போட்டால் அடுத்த வருடமும் முளைக்கும், வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தால் சரி. இலுப்பையும் நாவலும் அப்படியில்லை. ஈரம் வற்றினால் உயிர் போய்விடும். ஆனி, ஆடியில் பழம் விழும். சதையைக் கழுவி, இரண்டு மூன்று வாரத்துக்குள் மண்ணில் போட்டாக வேண்டும். நம் பக்கம் பெரிய மழையோ ஐப்பசியில். நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் தகராறே. ஆடியில் வாங்கியதை, சீமைக்கருவேலம் எடுத்த கண்மாய்க் கரையில் போடலாமென்று, பதிவில் பேசிய அந்த நண்பர் ஐப்பசி வரை வைத்திருந்திருக்கிறார். நல்ல மனசு, குறை சொல்லவில்லை. ஆனால் உடனே நாற்றங்காலில் முளைக்கவைத்து, மழைக்குக் கன்றாகத்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். இதை எழுதிய சீட்டை அந்தப் பொட்டலத்தில் வைக்க விட்டுப்போயிருக்கிறது. காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியதும் நம் கடைப் பையன்தான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சரக்கு குறைந்ததற்கும் காரணம் உண்டு. அழகர்மலையும் சிறுமலையும் கண்ணெதிரே நிற்கின்றன, ஆனால் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு நெற்றுகூட எடுக்கக் கூடாது. நமக்கு வருவதெல்லாம் பட்டா நிலத்திலும் ஊர்த் தோப்புகளிலும் பொறுக்கியது. ஒரே மரத்தை உலுக்கினால் அரை நாளில் மூட்டை நிறையும். அப்புறம் நீங்கள் வளர்க்கும் காடு முழுக்க ஒரு தாய்ப் பிள்ளைகளாக இருக்கும். ஒரு நோய் வந்தால் மொத்தமும் சாயும். அதனால் பல ஊர் மரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம். எந்த மரம் எந்த வாரம் பழுக்கும் என்பதெல்லாம் நமக்கு விதை பொறுக்கிவந்த பெரியவரின் மனக்கணக்கு. முழங்கால் வலியால் அவர் சித்திரையோடு நின்றுவிட்டார். உசிலம்பட்டிக்குப் பேர் கொடுத்த உசிலைப் பொறுக்கவே இப்போது ஆள் தேடுகிறோம். 2022-இல் அரசின் மரம் நடும் திட்டமான பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கிய பிறகு நாட்டு மரம் கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், சந்தோஷம். அதற்காக அடுத்த வாரமே நூறு கிலோ ஆச்சா விதை வேண்டும் என்றால் மரம் கேட்குமா?

இனி இலுப்பையும் நாவலும் பங்குனிக்குள் பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும். பொறுக்கிய நாளைச் சாக்கிலேயே எழுதித் தருவோம். பாதி முன்பணம், அது திரும்பாது. கூலி ஏறியதால் விலையும் சற்று மாறும், பட்டியல் கடையில் ஒட்டியிருக்கிறது.

அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு முளைத்ததே அண்ணே" என்று கன்றைப் படம் எடுத்து அனுப்பியவர்களை மறக்க மாட்டேன். நம்மிடம் வாங்கி வைத்த புங்கம் காய்த்து, அந்த விதையை மஞ்சப்பையில் நமக்கே கொண்டுவந்து கொடுத்த அக்காவுக்கும் நன்றி. உங்கள் ஊரில் வயதான இலுப்பை நின்றால் சொல்லுங்கள், ஆனியில் நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விதைக் கடைக்காரன்