கப்பல் கிளம்பின பிறகு பிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். திமிங்கிலம் எண்ணப் போகிற கப்பலில் ஆறு வாரம் சரியாகப் போன் பேச முடியாது என்று அம்மாவிடம் சொன்னாயாமே, அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. நான் கப்பலில் கிடந்த இருபத்தெட்டு வருஷமும் அவளுக்குப் போன் வந்ததில்லை. அதை ஞாபகப்படுத்தியதற்கு முறைத்தாள். சரி, வம்பு வேண்டாம் என்று எலுமிச்சை ஊறுகாய் பார்சலுக்குள் இந்தக் கவரை வைத்துவிட்டேன். எண்ணெய் ஊறியிருந்தால் அம்மாவைக் கேள்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூணில் மாட்டியிருக்கிறதே, அந்த 25 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர், அது பைனாகுலர் இல்லை, பீரங்கி. எங்களுக்கு இருந்தது கழுத்தில் தொங்குகிற சாதாரண ஏழுக்கு ஐம்பதுதான், ஏழு மடங்குதான் பெரிதாக்கும். அதுவும் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்தது. நீ நிற்கிற அந்த மேல்தளத்துக்கு நாங்கள் மங்கி ஐலண்டு என்போம், பிரிட்ஜுக்கு மேலே கூரையில்லாத இடம். உங்கள் கப்பலிலும் குரங்கு வைத்துத்தான் பேர் சொல்கிறார்களா என்று எழுது. தண்ணீருக்கு மேலே 10 மீட்டர் உயரத்தில் உன் கண் இருந்தால் அடிவானம் 11 கிலோமீட்டர் தள்ளி நிற்கும். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. முதல் இரண்டு நாளில் உனக்கே தெரியும், அத்தனையும் வெறும் தண்ணீர்.

நான் முதன்முதலில் திமிங்கிலத்தை எண்ணியது கடலில் இல்லை, மணலில். 1973 ஜனவரி. எனக்கு ஒன்பது வயசு. மணப்பாட்டுக் கரைப்பக்கம் கூட்டமாக வந்து ஒதுங்கிவிட்டன என்று ஊரே ஓடியது. தாத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். கறுப்பு நிறம், உருண்டைத் தலை, வள்ளம் கவிழ்ந்து கிடந்த மாதிரி வரிசையாகக் கிடந்தன. சிலதுக்கு இன்னும் உயிர் இருந்தது. தலையில் இருக்கிற மூச்சுத் துவாரம் திறந்து மூடும்போது ஈரத்துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். நான் எண்ண ஆரம்பித்து முப்பதைத் தாண்டியதும் குழம்பிவிட்டேன். பிறகு அதிகாரிகள் எண்ணிச் சொன்னது 147. பைலட் திமிங்கிலம் என்ற பேரெல்லாம் பிறகுதான் தெரிந்தது. 2016 ஜனவரியிலும் அதே கரையில் எண்பதுக்கு மேல் வந்து ஒதுங்கியதே, நீ காலேஜ் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி அழுதாய். நம் ஆட்கள் தள்ளித் தள்ளி ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டும் பல திரும்பிவந்தன.

147 என்று ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் சொல்ல முடிந்தது அவை செத்துக் கிடந்ததால்தான். உயிரோடு கடலில் இருக்கிறதை அப்படிச் சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. கரையிலேயே வளர்ந்த எனக்கே இது புரிய நாற்பது வயசு தாண்டியது. புரியவைத்தது ஒரு கொண்டைக்கடலை டப்பா.

2005 வாக்கில் நடந்தது. அந்த வருஷங்களில் கொச்சியிலிருந்து கிளம்புகிற ஆராய்ச்சிக் கப்பல்களில் திமிங்கிலம், ஓங்கல் (டால்பின்) பார்த்து எழுத ஆட்களை அனுப்புவார்கள். சாகர் சம்பதா என்ற கப்பலில் 2003 முதல் 2007 வரை இப்படி ஏகப்பட்ட பயணம் நடந்தது. நான் போசனாக, டெக் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தது வேறொரு கப்பல், பேர் இங்கே வேண்டாம். ஒரு மலையாளத்துப் பெண் வந்தாள், இப்போது உனக்கு இருக்கிற வயசுதான் இருக்கும். கப்பலுக்கு வேலை மீன் பார்ப்பது, வலை போடுவது. அந்த வழியில் கண்ணில் படுவதை எழுதிக்கொள்வது அவள் வேலை. உங்கள் கப்பல் அப்படியில்லை, அதற்கென்றே வளைத்து வளைத்துக் கோடு போட்டு அந்தக் கோட்டின் மேலேயே போகும். கப்பல் போகிற வழியில் பார்த்ததை வைத்து எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லலாம், மொத்தம் எத்தனை என்று சொல்ல முடியாது. கோடு நம் இஷ்டத்துக்கு, மீன் கிடைக்கிற இடத்துக்கு, டீசல் மிச்சத்துக்கு வளையக்கூடாது.

பார்க்காததை எப்படிம்மா எண்ணுவாய் என்று நான்தான் அவளைக் கிண்டல் பண்ணினேன். அவள் நேராக அடுப்படிக்குப் போய் எண்ணி நூறு கொண்டைக்கடலை வாங்கிவந்தாள். கண்ணை மூடச் சொல்லி, பின்டெக்கில் விசிறிவிட்டாள். பச்சைப் பெயின்ட் அடித்த டெக், அங்கங்கே துரு, கடலையும் துருவும் ஒரே நிறம். "சேட்டா, நடுவில் நேராக நட. நிற்காதே, குனியாதே. கண்டதைச் சொல்லு." நான் நடந்தேன். சொன்னது 43. ஒவ்வொன்றும் என் தடத்திலிருந்து எத்தனை சாண் விலகி இருந்தது என்று அவள் குறித்துக்கொண்டே வந்தாள். தடத்தை ஒட்டின சாணில் 12, அடுத்ததில் 11, அப்புறம் 8, 5, 4, 2, 1, எட்டாவது சாணில் ஒன்றுமில்லை.

"கடலைக்கு உன் கால்மேல் ஆசை இல்லையே சேட்டா, எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதானே விழுந்திருக்கும்? பக்கத்தில் 12 என்றால் தூரத்திலும் 12 இருக்கும். உன் கண்தான் குறைகிறது." எட்டுப் பன்னிரண்டு 96. மிச்சம் நாலு, டெக்கில் தண்ணீர் வடிகிற ஸ்கப்பர் ஓட்டை வழியாகக் கடலுக்குப் போயிருக்கும் என்றார் சமையல்காரர், கடலை போன கோபத்தில். அவள் சிரித்துக்கொண்டே, இது அதிர்ஷ்டம், இன்னொரு தடவை விசிறினால் 80 வரும், 120-ம் வரும், அதனால்தான் நாங்கள் ஒற்றை எண் சொல்லாமல் இதிலிருந்து இதுவரை என்று சொல்கிறோம் என்றாள். நீ இதையே பெரிய புத்தகத்தில் படித்திருப்பாய். எனக்கு அந்தக் கடலைதான் புத்தகம்.

ஆனால் கடலை முங்காது. திமிங்கிலம் முங்கும். ஸ்பெர்ம் திமிங்கிலம் (நம் ஊர்ப் பேப்பரில் அம்பர்கிரிஸ் கடத்தலில் அடிக்கடி வருமே, அதன் சொந்தக்காரர்) உள்ளே போனால் முக்கால் மணி நேரம் சாதாரணம். பத்து நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) வேகத்தில் கப்பல் அதற்குள் 14 கிலோமீட்டர் போய்விடும். நேர் தடத்தின் மேலேயே இருந்தும் அது உன் கண்ணில் படாது. மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர் என்று பிரித்து, ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லாமல் வைப்பார்கள் என்று சொன்னாய் அல்லவா? முதலில் எனக்கு அது வீம்பாகப் பட்டது. பிறகு நம் வீட்டுக் கல்யாணம் ஞாபகம் வந்தது. பெரியப்பாவும் சித்தப்பாவும் பேசாமலிருந்த காலம். ஒரே வாசலில் ஆளுக்கொரு பக்கம் நின்று, வந்தவர்களைத் தனித்தனியாக எழுதினார்கள். இரண்டு நோட்டிலும் இருந்த பேர் ரொம்பக் குறைவு. அப்போதே தாத்தா சொன்னார், இரண்டு பேர் கண்ணிலும் படாமல் போனவன் இன்னும் நிறைய இருப்பான் என்று. சண்டையால் வந்த கணக்கு என்றாலும் சரியான கணக்கு. கப்பலுக்குப் பின்னால் கேபிளில் இழுத்துப் போகிற ஹைட்ரோபோனும், அந்தத் தண்ணீருக்குள் கேட்கிற மைக்கும், அப்படித்தான் போல, கண் விட்டதைக் காது பிடிக்கும்.

அண்டார்டிகாவில் 1978-79-லிருந்து நடந்த கணக்கெடுப்பு பற்றி நீ ஒரு நாள் சொன்னது மனசில் நிற்கிறது. மிங்கி திமிங்கிலம் இரண்டாவது சுற்றில் 7,20,000, மூன்றாவது சுற்றில் 5,15,000. இரண்டு லட்சம் எங்கே? குறைந்துவிட்டதா, கப்பல் நுழைய முடியாத பனிக்குள் போய் நின்றுகொண்டதா என்று வருஷக்கணக்கில் விவாதம். கரையிலிருக்கிறவன் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கச்சான் காற்று அடிக்கிற நாளில் மீன் இல்லை என்று கரையேறுகிற எந்த வள்ளக்காரனுக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. மீன் இல்லையா, நீவாடு (நீரோட்டம்) மாறி அந்தப் பக்கம் போய்விட்டதா? அதே கப்பல்கள்தான் நீலத் திமிங்கிலத்தையும் எண்ணின. சுற்றுக்குச் சுற்று 453, 559, 2,280. வேட்டைக்கு முன்னால் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த இனம். அந்த 2,280-ஐப் பார்த்துச் சந்தோஷப்படுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சரி, இதையெல்லாம் எதற்குச் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அம்மாவுக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது.

அந்தப் பயணத்தில், லட்சத்தீவில் இருக்கிற மினிக்காய்க்குத் தெற்கே, மூன்று நாள் ஒன்றுமே இல்லை. ஒரு ஓங்கல்கூட இல்லை. மூன்றாம் நாள் காற்று ஏறியது. தண்ணீரெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அந்தப் பெண் வாந்தியெடுத்துக் கீழே படுத்துவிட்டாள். போகும்போது பலகையையும் பேப்பரையும் என்னிடம் கொடுத்து, "சேட்டா, அரை மணிக்கு ஒரு தடவை காற்று, கடல், வெளிச்சம் எழுது. ஒன்றும் இல்லை என்றால் இல்லை என்று எழுது" என்றாள். நான் எழுதினேன். இல்லை. இல்லை. இல்லை. ஆறு வரி வந்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. கழுகுக் கண் என்று கப்பலில் எனக்குப் பேர். அந்தக் கழுகு ஒரு மத்தியானம் முழுக்க இல்லை எழுதியிருக்கிறது. நாலே முக்காலுக்கு முன்பக்கம் ஒரு வெள்ளை எழும்பி அடங்கியது. நுரைதான். நுரை என்று எனக்கு அப்போதே தெரியும். மூச்சு விட்டது என்று எழுதினேன். பெரிய திமிங்கிலம், ஒன்று, இனம் தெரியவில்லை.

மறுநாள் அவள் எழுந்துவந்து அந்த வரியைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி குதித்தாள். கோணம் எத்தனை, தூரம் எத்தனை என்று கேட்டாள். வலப்பக்கம் 30 டிகிரி, 2 கிலோமீட்டர் என்றேன். வாய் கூசாமல் வந்தது. அவள் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள். கொச்சி வந்ததும் எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். இது அந்தப் பேனா இல்லை. அதை நான் எழுதவே எடுக்கவில்லை, பீரோவில் இருக்கிறது.

சில வருஷம் கழித்து ஒரு வரைபடம் பார்த்தேன், நம் கடல் முழுக்கப் புள்ளி புள்ளியாக. மினிக்காய்க்குக் கீழே மூன்று புள்ளி. அதில் ஒன்று என் நுரையா, இல்லையா, தெரியாது. என் நுரை அந்தப் படத்துக்குள் வராமலே போயிருக்கலாம். தெரியாததுதான் உறுத்துகிறது.

ஒரு புள்ளிக்கா இவ்வளவு என்பாய். அதே அரபிக்கடலில் 1965, 66-இல் சோவியத் வேட்டைக் கப்பல்கள் 242 கூன்முதுகுத் திமிங்கிலத்தைக் கொன்றுவிட்டுப் பொய்க் கணக்கு கொடுத்தன. உலகம் முழுக்க அவர்கள் கணக்கில் காட்டாமல் கொன்றது ஒரு லட்சத்து எண்பதாயிரம் பக்கம் வரும். உண்மையான நோட்டுகளை அவர்களுடைய விஞ்ஞானிகளே ஒளித்து வைத்திருந்து 1990-களில் வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு ஓமன் பக்கத்தில் படம் பிடித்துக் கணக்குப் போட்டபோது அந்த அரபிக்கடல் கூட்டத்தில் வந்த எண் ஏறக்குறைய 82. பொய் எண்ணை நம்பி எத்தனை பேர் எத்தனை வருஷம் கணக்குப் போட்டிருப்பார்கள்! நான் அவர்கள் இல்லை, தெரியும். ஆனால் நாலே முக்காலுக்கு என் கை போன வழியும் அதே வழிதான்.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. கொச்சியில் விசாரித்தால் தெரிந்துவிடும். மூன்று தடவை போனை எடுத்தேன். நீ கரைக்கு வந்ததும் உன்னை வைத்துக்கொண்டு பேசலாம் என்று இருக்கிறேன். உங்கள் ஆட்கள் பாஷையில் எப்படிச் சொல்வது என்று நீ சொல்லிக்கொடு. இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு வரியை அடிக்க முடியுமா?

மற்றபடி, கடல் வெளுத்த நாளில் வெறும் வயிற்றோடு மேலே ஏறாதே, காய்ந்த ரொட்டியாவது கடித்துக்கொள். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறும்போது கண்ணை மூடி உட்கார், போனைப் பார்க்காதே. நீ போகிற பக்கத்தில் இப்போது ராத்திரியே இருட்டாதாமே, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு தூங்கு. பைலட் திமிங்கிலம் வந்தால் எனக்காக ஒரு நிமிஷம் கூடப் பார். மணலில் பார்த்ததோடு சரி, அது நீந்தி நான் பார்த்ததே இல்லை.

ஊறுகாயைக் கேபினில் திறந்து வைக்காதே. கூடப் படுக்கிற பிள்ளை பாவம்.

அன்புடன்,
அப்பா