லால்பாக்கில் ஒரு காலை

ஆசிரியருக்கு, வணக்கம்.

போன மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக பெங்களூரு போயிருந்தேன். முகூர்த்தம் பதினோரு மணிக்குத்தான். மண்டபத்தில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று விடிந்ததும் லால்பாக் பக்கம் நடந்தேன்.

1760-ல் ஹைதர் அலி தொடங்கி, மகன் திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம். இன்று சுமார் 240 ஏக்கர். 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை முன்னால்தான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது தோட்டத்துக்குள் இருக்கும் அந்தப் பாறை. வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். உச்சியில், பெங்களூருவை நிறுவிய கெம்பே கௌடாவின் பெயரில் ஒரு கோபுரம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். வெயில் பட்ட இடம் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. குரங்குக் குல்லா போட்ட ஒரு பெரியவர் அதே இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். விவரமான ஆள்!

அப்புறம் அந்த இலவ மரம். வேர்கள் சுவர் வைத்தாற்போல் எழுந்து நிற்கின்றன. சற்றுத் தள்ளி இன்னொரு மரத்தின் பட்டையில் யாரோ இரண்டு பெயர்களைக் கீறி, நடுவே அம்பும் விட்டிருக்கிறார்கள். காதலைச் சொல்ல வேறு இடமே கிடைக்கவில்லையா?

எங்கள் ஊர்ப் பூங்காவிலும் நல்ல மரங்கள் உண்டு. ஆனால் எது என்ன மரம் என்று சொல்ல ஒரு பலகை கிடையாது. அதையாவது வைக்கலாம்.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் போனேன். வீட்டம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

– ஒரு வாசகர், சேலம்