பூஞ்சை என்றால் படர்தாமரை மட்டுமல்ல

சிங்கப்பூர் சுகாதார அமைச்சுக்கும் பொது மருத்துவமனைகளின் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவுகளுக்கும்,

வணக்கம்.

சென்ற ஆண்டு கீமோதெரப்பி எடுத்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் ஏற்றியும் இறங்கவில்லை. ஆறாம் நாள் சிடி ஸ்கேன் பார்த்துவிட்டு, நுரையீரலில் பூஞ்சை என்றார்கள். அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த பூஞ்சை படர்தாமரைதான். தேக்காவில் வாங்கும் களிம்பில் போய்விடும். நுரையீரலைக் கழுவிச் சோதிக்க வேண்டும் என்றபோது, "படர்தாமரைக்கு எதற்குத் தொண்டைக்குள் குழாய்?" என்று மறுத்தார். இரண்டு நாள் வீணானது. எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

தூசியிலும் மண்ணிலும் இருக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் நுண்வித்துகளை நாம் எல்லாரும் தினமும் சுவாசிக்கிறோம். நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் அவற்றை வளரவிடுவதில்லை. கீமோவில் அந்த அணுக்கள் சரிந்தால் பூஞ்சை நூல் நூலாக ரத்தக் குழாய்களைத் துளைக்கலாம். ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையிலும் பெரும்பாலும் சிக்காது. சந்தேகப்பட்டுத் தேடினால்தான் உண்டு. அதற்குத்தான் சிடியும், ஆஸ்பர்ஜில்லஸின் செல்சுவர்ப் பொருளைத் தேடும் கேலக்டோமன்னன் சோதனையும், அம்மா மறுத்த அந்தக் கழுவலும். மியூகோர் என்னும் வேறு வகைப் பூஞ்சையாக இருந்தால் கேலக்டோமன்னன் காட்டிக்கொடுக்காது, ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மருந்தும் கேட்காது. எந்தப் பூஞ்சை என்று அறிவது அவ்வளவு முக்கியம். இதையெல்லாம் நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சரியான மருந்து உயிரைக் காக்கிறது. 2002இல் வெளியான ஆய்வில், வோரிகோனசோலில் தொடங்கிய ஆஸ்பர்ஜில்லஸ் நோயாளிகளில் சுமார் 71 விழுக்காட்டினர் 12 வாரங்களுக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள். பழைய மருந்தான ஆம்போடெரிசினில் தொடங்கியவர்களில் சுமார் 58 விழுக்காட்டினர். அம்மாவுக்கும் வோரிகோனசோல்தான். முதல் நாள் கண்ணில் வெளிச்சம் மினுங்கியதும் பார்வை போகிறதென்று அழுதார். அந்த மருந்தில் அது அடிக்கடி வரும், பெரும்பாலும் தானாக மறையும் என்று முன்பே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

மருத்துவர்களும் தாதியரும் அக்கறையாகவே கவனித்தார்கள். குறை சொல்லில்தான் இருந்தது. ஆகவே கேட்கிறேன்: கீமோ தொடங்கும் நாளிலேயே தமிழில் ஒரு பக்கம் கொடுங்கள். இது தோலில் வரும் பூஞ்சை அல்ல என்பது முதல் வரியாக இருக்கட்டும். மேல்வீட்டில் ஓடு உடைத்தால் ஜன்னலைச் சாத்துவது, துளசித் தொட்டியின் மண்ணைக் கிளறும் வேலையை வேறொருவரிடம் விடுவது, காய்ச்சலோ நெஞ்சுவலியோ இருமலில் ரத்தமோ கண்டால் அன்றே வருவது, எல்லாம் அதில் இருக்கட்டும். எங்கள் வீட்டு நடைபாதைத் துளசிக்கு அம்மாதான் தினமும் மண் கிளறி வந்தார். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

எழுதியதும் எங்களுக்கு அனுப்புங்கள். அம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். படித்துப் பார்த்து, எந்தச் சொல் புரியவில்லை என்று சொல்கிறேன் என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மகள், உட்லண்ட்ஸ்